வங்கக் கடலுக்கு வேண்டிய நீலம்

வெள்ளையடிக்க வந்தவர் வங்காள விரிகுடாவையும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சுவரைச் சுத்தமாக அடிக்கச் சொன்னார்கள், அடித்தார்.

எங்கள் மேல்நிலைப் பள்ளியின் தாழ்வாரச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை தமிழ்நாட்டு வரைபடம் ஒன்று உண்டு. எப்போதோ இருந்த ஓவிய ஆசிரியர் நிலப்பகுதியை மட்டும் எண்ணெய் பெயிண்டில் வரைந்துவிட்டு, கடலுக்குச் சிக்கனமாகத் தண்ணீரில் கரைத்த நீலப் பொடியைப் பூசியிருந்தார். சாரல் பட்டுப் பட்டு அது ஏற்கெனவே வெளுத்திருந்தது. சுண்ணாம்பு மட்டை அதன்மேல் போனதும் கிழக்கே ஒன்றும் இல்லை, தெற்கே ஒன்றும் இல்லை. வெள்ளைவெளேரென்ற சுவரில் தமிழ்நாடு மட்டும் தனியாகத் தொங்கியது. நான் மாவட்டங்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. பிறகு பிரித்த ஆறையும் இன்றுவரை யாரும் சேர்க்கவில்லை. அதைச் சொன்னால், "இப்பக் கடலே இல்லீங்க, நீங்க மாவட்டத்துக்குப் போறீங்க" என்றார் தலைமையாசிரியர்.

எங்கள் பள்ளி என்று நான் சொல்வது பழக்கத்தால். அங்கே வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கீழே அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்கிறான். மாற்றலில் கொல்லிமலைக்கு மேலே வந்தவன் இங்கே வாழவந்தி நாட்டிலேயே ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டேன். பள்ளி மணி அடித்தால் வீட்டில் கேட்கும். தாமதமாக அடித்தாலும் கேட்கும். அதனால் நான் படுகிற அவஸ்தை தனி.

எனக்கு அப்புறம் அந்த வேலைக்கு வந்தவர்களில் இப்போதைய டீச்சர் மூன்றாவது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், அம்மா செய்து கொடுத்தனுப்பிய கேக்கை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக்கில் முந்திரி குறைவு. அதை நான் சொல்லவில்லை, மனைவி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சார், வாய் இருக்க மாட்டாம ஒண்ணு சொல்லிட்டேன். நீங்கதான் காப்பாத்தணும்" என்றார் டீச்சர்.

நடந்தது இதுதான். அன்று ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியர் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். முதலாவது, சுவரில் கடலுக்கு ஒரு டப்பா பெயிண்ட் வாங்க வேண்டும். இரண்டாவது, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவச சைக்கிள் வரப்போகிறது, அறுபத்து நான்கு. லாரியில் பாகம் பாகமாக வரும், ஆட்கள் வந்து பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தருவார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகு விழா நடக்கிறவரைக்கும், விழாவுக்கு வருகிறவர் வருகிறவரைக்கும் எல்லாவற்றையும் பூட்டி வைக்க ஓர் அறை வேண்டும். வேதியியல் ஆய்வகத்தைக் காலி செய்து கொடுங்கள்.

டீச்சருக்கு வேர்த்துவிட்டதாம், அந்தக் குளிரிலும். போன தடவை சைக்கிள் வந்தபோது ஏழாம் வகுப்பு அறையில் வைத்தார்கள். அந்த அறை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஏழாம் வகுப்பு இன்றைக்கும் மரத்தடியில்தான்.

"செய்முறைத் தேர்வு வருதே சார்னு கேட்டேன். அதுக்கு அவர் சொல்றார்..." டீச்சர் தலைமையாசிரியரின் குரலை எடுத்துக்கொண்டார். "'ஏனுங்க டீச்சர், அந்த லேப்புல அப்பிடி என்னதான் உற்பத்தி ஆகுதுங்? வருசம் பூரா டியூப்பைக் கழுவறீங்க, கவுத்தி வெக்கறீங்க. திருப்பி எடுத்துக் கழுவறீங்க.' எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எனக்குக் கோவம் வந்திடுச்சி. பெயிண்ட் வாங்க வேண்டாம் சார், கடலுக்கு நீலத்தை நாங்க லேப்லயே செஞ்சு தாரோம்னு சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சைக்கிள் லாரி மேல வந்து சேர்றதுக்குள்ள சுவத்துல கடல் தெரிஞ்சா லேப் உங்களுது. தெரியலீன்னா சாவி என்னுது. அவ்வளவுதான் சார்."

டீச்சர் இதற்கு முன்னால் வேலை பார்த்த பள்ளியில் ஆய்வகமே கிடையாது. கரும்பலகையில் குடுவையை வரைந்து, அதற்குள் சுண்ணக்கட்டியால் கரைசலை நிரப்பி, வாயால் கொதிக்க வைத்துப் பாடம் நடத்தியவர். இங்கே வந்து முதல் நாள் ஆய்வகத்தைத் திறந்தபோது தண்ணீர்க் குழாயைத் திருகித் திருகி மூடினார் என்று அலுவலக உதவியாளர் சொல்லிச் சிரித்ததுண்டு. ஆய்வகம் போனால் அறிவியல் பிரிவில் பிள்ளைகள் சேர மாட்டார்கள். பிள்ளைகள் இல்லாவிட்டால் இவர் உபரி ஆசிரியர், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். சமவெளிக்குப் போகக் கிடைத்த வாய்ப்பு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இவர் அந்தக் குழாயை நினைத்தார்.

எனக்கு உடனே கவலைகள் வரிசையாக வந்தன. மருந்துகள் கெட்டியாகிப் போயிருக்கும். தராசு சரியாக நிற்காது. பிள்ளைகள் பத்தொன்பது பேர், முக்காலிகள் இருபத்திரண்டு, அவற்றில் நான்கு ஆடும். ஒருவன் விழுந்தால் யார் பதில் சொல்வது? இதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

"கண்ணு, நாளைக்குக் காத்தால இவரை அனுப்பி வெக்கறேன்" என்றாள் என் மனைவி டீச்சரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, போயிட்டு வாங்க. ஊட்டுல உக்காந்துட்டு முருங்கைக்காயை எத்தனை தடவைதான் எண்ணுவீங்க? நீங்க எண்ணறீங்கன்னு அது ஒண்ணும் கூடக் காய்க்கறதில்ல" என்றாள்.

போனேன்.

முதல் நீலத்தைச் செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. இரும்பு உப்பான பெர்ரிக் குளோரைடு கரைசலில் பொட்டாசியம் பெர்ரோசயனைடை ஊற்றினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அடர்ந்த நீலம் விழும். பிரஷ்ய நீலம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்த யாரும் அதை ஒரு தடவையாவது சோதனைக் குழாயில் பார்த்து வாயைப் பிளந்திருப்பார்கள். நாங்கள் குழாயை விட்டு பிளாஸ்டிக் வாளிக்குப் போனோம். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "சார், இங்க் மாதிரி இருக்குதுங்க" என்றார்கள்.

அப்போது தலைமையாசிரியர் வாசலுக்கு வந்தார். சேலத்துக்காரர், நல்ல மனிதர், ஐப்பசியில் கழுத்தில் சுற்றும் மப்ளரைப் பங்குனியில்தான் அவிழ்ப்பார். மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்து லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பெர்ரோ... சயனைடு. சயனைடா? ஏனுங்க, பள்ளிக்கூடத்துலயா?"

"அது வேற சார், இது வேற. இதுல அது இரும்போட இறுகக் கட்டுண்டு கிடக்கு, அதால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டீச்சர்.

"கட்டிப் போட்டிருக்கீங்க, சரி. அவுத்துக்கிச்சுன்னா?"

பாட்டிலை இரண்டு விரலால் பிடித்து வைத்துவிட்டு, குழாயடியில் போய்க் கை கழுவினார். திரும்ப வந்து, மறந்துவிட்டதுபோல, இன்னொரு தடவை கழுவினார். அன்று மதியம் ஆய்வகப் பக்கமிருந்த தண்ணீர்ப் பானையை அவரே தூக்கிக்கொண்டு போய்த் தன் அறை வாசலில் வைத்துக்கொண்டார்.

தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ரப் பசையில் நீலத்தைக் குழைத்து, சாயங்காலம் சென்னைக்குக் கிழக்கே பூசத் தொடங்கி நாகப்பட்டினம் வரைக்கும் வந்தோம். இருட்டிவிட்டதால் நிறுத்தினோம். அழகான கடல். டீச்சர் அதைப் போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் என் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "சார், கொஞ்சம் வாரீங்களா? உங்க கடலைப் பாக்கணும்."

பார்த்தேன். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் துருப்பிடித்த செம்பழுப்பு. டீக்கடையில் வடிகட்டியைக் கழுவி ஊற்றினதுபோல் இருந்தது.

"வங்காள விரிகுடாவுல டீ போட்டிருக்கீங்க போலிருக்குது. சக்கரை எத்தனை ஸ்பூனுங்க?" என்றார் அவர்.

காரணம் எங்கள் இருவருக்குமே தெரியும். சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் பிரஷ்ய நீலம் உடைந்து இரும்புத் துரு மிஞ்சும். பாடத்திலேயே வரும். ஆனால் நாங்கள் இருவரும் அந்த நீலத்தை வாழ்நாளெல்லாம் கண்ணாடிக் குழாயில் மட்டுமே பார்த்தவர்கள், எந்தச் சுவரிலும் எதையும் பூசியதில்லை. புதுச் சுண்ணாம்பு வேறு, ஈரம் காயாதது. டீச்சர் ஊருக்கு அனுப்பிய படத்தை அழிக்கலாமா என்று கேட்டார். அம்மா ஏற்கெனவே கோயிலில் எல்லோருக்கும் காட்டிவிட்டார்களாம்.

"லாரி சேலத்துல கிளம்பிருச்சுன்னு போன் வந்துச்சுங்க. வழியில நாலஞ்சு பள்ளிக்கூடத்துல இறக்கிட்டு வருமாம்" என்றார் தலைமையாசிரியர் போகிற போக்கில்.

சுண்ணாம்புக்குப் பயப்படாத நீலம் வேண்டும். அப்படியானால் செம்புதான். மயில்துத்தக் கரைசலில் சலவை சோடாக் கரைசலை ஊற்றினால் செம்பின் கார்பனேட் பொடியாக விழும். மண்ணுக்கடியில் கிடைக்கும் நீலக் கல்லுக்கு இது நெருங்கிய சொந்தம். சுண்ணாம்போடு பகை இல்லை. ஆய்வகத்தில் இருந்த மயில்துத்தம் ஒரு கைப்பிடிதான். ஆனால் கொல்லிமலையில் மயில்துத்தத்துக்குப் பஞ்சம் உண்டா? மிளகுக்கொடி வைத்திருக்கிறவர்கள் வீட்டிலெல்லாம் இருக்கும், சுண்ணாம்போடு கலந்து கொடிக்கு அடிப்பார்கள். மிளகுக்காரர் ஒருவரின் மகள் டீச்சரிடம் படிக்கிறாள். அவரே ஒரு பை நிறையக் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"கடலுக்கும் வாடல் நோய் வந்துருச்சுங்களா டீச்சர்?"

"ஆமாங்க. கிழக்குக் கரை பூரா பரவிடுச்சி" என்றார் டீச்சர். கடற்கரைக்காரருக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில், எங்கள் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரும் கீழிருந்து வந்தவர்கள். சேலம், நாமக்கல், திருச்சி, டீச்சர் மட்டும் தூரத்துத் தெற்கு. மார்கழி, தை மாதங்களில் மலைக் குழாய்த் தண்ணீரில் எங்களில் யாரும் விரலை வைப்பதில்லை. காலையில் வந்ததும் முதல் வேலை வெந்நீர். ஆசிரியர் அறையில் இரண்டு கெட்டில், அலுவலகத்தில் வாளியில் போடும் ஹீட்டர் கம்பி ஒன்று, ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த காலத்திலிருந்தே கேஸ் அடுப்பின் மேல் எப்போதும் ஒரு அலுமினியப் பாத்திரம். ஆய்வகத்துக்கு ஜன்னல்கள் எட்டு. எட்டும் கார்த்திகையில் சாத்தப்படும், மாசியில்தான் திறக்கும். மலைப் பிள்ளைகள் சட்டைக் கையை மடக்கிவிட்டு வெளிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நிற்பார்கள், எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆகவே மயில்துத்தத்தை வெந்நீரில் கரைத்தோம், சீக்கிரம் கரையும். சலவை சோடாவையும் வெந்நீரில். ஊற்றினோம், நுரைத்துப் பொங்கி நீலமாகத்தான் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் படிய வைத்தோம். படியப் படிய அது நிறம் மாறத் தொடங்கியது. நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாளியைப் பார்த்தபடி நின்றோம். மதிய மணி அடித்தபோது நல்ல பசும்புல் நிறம்.

தலைமையாசிரியர் வந்தார். வாளிக்குள் பார்த்தார். அவர் சும்மா போயிருந்தாலும் பரவாயில்லை.

"இது கடலுங்களா, நெல்லு வயலுங்களா?"

"நாளைக்குப் பாருங்க சார்" என்றார் டீச்சர்.

"பாக்கறேன். லாரி ராசிபுரம் தாண்டிருச்சு. டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருக்காராம், அதான் உங்களுக்கு ஆண்டவர் குடுத்த நேரம்."

டீச்சர் மறுபடி செய்தார். அடுத்ததும் பச்சை. சோடாவைக் குறைத்தார், பச்சை. கூட்டினார், பச்சை. ஒரு தடவை, சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பில் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கிவிட்டார், கரியாகிவிட்டது. அதைப் பார்த்து அவர் கண் கலங்கிற்று. "நாளைக்கே சாவியைக் குடுத்துருதேன் சார். தினம் தினம் வந்து கேக்காரே, அதைக் கேக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றார். எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான், சோதனைக் குழாய்களை எண்ணுவது. எண்ணினேன். நாற்பத்து மூன்று இருந்தன. காலையில் ஐம்பது கொடுத்திருந்தேன்.

ஏழு குழாய்களைத் தேடிக்கொண்டு, காதை மறைத்துத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனேன். பின்பக்கம் குழாயடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. பிள்ளைகள் பாத்திரங்களை அங்கேதான் கழுவுவார்கள், மீதியான துத்தத்தையும் சோடாவையும் அதிலேயே கொட்டுவார்கள். குழாய்கள் ஏழும் அதன் விளிம்பில் கிடந்தன. எனக்குக் கோபம். கோபத்தோடு தொட்டிக்குள் பார்த்தேன்.

தொட்டியின் அடியில் நீலம் படிந்திருந்தது. மழை விட்ட மறுநாள் எங்கள் மலைக்கு மேலே தெரியும் வானத்தின் நீலம். பச்சையின் சாயல் ஒரு துளி இல்லை.

விரலால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீரின் குளிர் எலும்புவரைக்கும் ஏறியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே போய், அடுப்பை அணைத்தேன். அலுமினியப் பாத்திரத்து வெந்நீரை வெளியே கொட்டினேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கிழவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்தது.

"சூடுதான் பச்சையாக்குது, அம்மிணி. இது குளிர்ல பொறக்கற நீலம். நாம அதுக்கு வெந்நீர்ல குளிப்பாட்டிட்டு இருந்திருக்கறோம்."

டீச்சர் ஓடிப்போய்த் தொட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டு முதலில் சிரித்தார், பிறகு இரண்டு கையையும் தொட்டித் தண்ணீருக்குள் விட்டார், பிறகு அலறினார். குளிரை அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. எட்டு ஜன்னல்களையும் திறந்தோம். அவற்றில் மூன்று துருவேறித் திறக்கவில்லை, பையன்கள் தோளால் முட்டித் திறந்தார்கள். பனி உள்ளே வந்து முக்காலிகளில் உட்கார்ந்தது. துத்தத்தைக் குழாய்த் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும், அது கரைய யுகமாகிறது. டீச்சர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார், நான் எண்ணியது வெளியே தெரிந்தவை. ஊற்றியதை நான்கு தடவை குளிர்ந்த நீரில் அலச வேண்டும், அலசும்போது கை மரத்துப் போகும். பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு அலசினார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் இருவருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையே கிடைத்தது.

வடிகட்டத் துணி வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.

"அந்தப் பட்டுக்கரை வேட்டியை எடுக்காதீங்க" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே. "கல்யாணத்துக்குக் கட்டுனது."

"யாரு கல்யாணத்துக்கு?"

"உங்க கல்யாணத்துக்குத்தானுங்க. எண்ணிக்கையில அது மட்டும் ஞாவகம் இல்லையாக்கும்?"

வேறொன்றை எடுத்துக்கொண்டேன்.

வேட்டியில் வடிந்தது நீலக் கூழ். தயிரைப்போல் வழுவழுவென்று. அதை மூன்று எவர்சில்வர் தட்டுகளில் பரப்பி, திறந்த ஜன்னலோரம் நிழலில் காய வைத்தோம். வெயில் படக் கூடாது, அடுப்பு கூடாது, தானாகவே காய வேண்டும். அங்கேதான் தொல்லை. மலையில் மார்கழியில் எது தானாகக் காய்கிறது? துவைத்த சட்டை மூன்று நாள் ஈரமாகத் தொங்குகிற ஊர். மத்தியானம் தலைமையாசிரியர் வந்து, லாரி மலையடிவாரத்தில் காரவள்ளிக்கு வந்துவிட்டது, வளைவுகளில் ஏறத் தொடங்கிவிட்டது என்றார். அன்றைக்கு அவர் குரலில் கேலி குறைவாக இருந்தது. தட்டுகளையும் பார்த்தார். டீச்சரின் கைகளையும் பார்த்தார், அவை குளிரில் சிவந்து வெடித்திருந்தன.

நாங்கள் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது ஜன்னலோரத்தில் தட்டு ஒன்றுதான் இருந்தது.

"தட்டு எங்க? தட்டு எங்க?" என்று டீச்சர் தாழ்வாரமெல்லாம் ஓடினார்.

"சத்துணவு அடுப்புங்க டீச்சர்" என்றான் யாரோ ஒரு பையன். "ஹெச்.எம். சாரே கொண்டுட்டுப் போனாருங்க. சீக்கிரம் காயட்டும்னு."

அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கீழ்நாட்டு மனசு. ஈரத்தைப் பார்த்தால் கை தானாக அடுப்பைத் தேடும். நாங்கள் சமையற்கூடத்துக்கு ஓடியபோது அவர் மப்ளரைக் கையில் சுற்றிக்கொண்டு, சோறு இறக்கிய அடுப்பின் கனலுக்குப் பக்கத்தில் தட்டுகளைத் திருப்பித் திருப்பி, அப்பளம் வாட்டுவதுபோல் வாட்டிக்கொண்டிருந்தார்.

"சார்!"

"இருங்க டீச்சர், இன்னும் ரெண்டு நிமிசம். நல்லாக் காயுதுங்க. பாருங்க, ஓரமெல்லாம் எப்பிடிப் பச்..." என்றவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் தட்டுகளைப் பறித்தார். ஒரு தட்டு முழுவதும் போய்விட்டது, பச்சை. இரண்டாவது விளிம்பில் மட்டும் பச்சை, நடுவில் நீலம் பிழைத்திருந்தது. தலைமையாசிரியர் அடுப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேணும்னு பண்ணலீங்க" என்றார். அதைச் சொல்லியே இருக்க வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"தெரியும் சார்" என்றார் டீச்சர். "நாங்களும் இதையேதான் நேத்து பூரா பண்ணினோம்."

இருந்ததைக் கொண்டு பூச வேண்டியதுதான். நல்ல தட்டு ஒன்று, பிழைத்த நடுப்பகுதி ஒன்று. அரைகுறையாகக் காய்ந்ததையே வடிகட்டிய சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்தோம், ஒட்டுவதற்குத் துளி வஜ்ரம். பழுப்பு நிறமாகிப்போன பகுதியைச் சுரண்டிவிட்டு, வெளி ஓரத்திலிருந்து கரையை நோக்கிப் பூசிக்கொண்டு வந்தோம். எனக்கு ஏணியைப் பிடிக்கிற வேலை. ஆழ்கடல் முழுக்க நீலம் வந்துவிட்டது. கரை நெருங்க நெருங்கத் தீர்ந்துவிட்டது. கோடியக்கரையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கரையோரமாக ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை மிச்சம்.

வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

டீச்சர் ஏணியில் நின்றபடி மிச்சமிருந்த வெள்ளையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு கீழே குனிந்து, "சார், அந்தப் பச்சையைக் குடுங்க" என்றார்.

"எந்தப் பச்சை?"

"எல்லாப் பச்சையும்."

வாளியில் இருந்தது, தட்டில் இருந்தது, இரண்டையும் குழைத்துக் கொடுத்தேன். அந்தச் சாண் அகலத்தைப் பச்சையால் நிரப்பினார். நீலத்தோடு சேரும் இடத்தில் விரலாலேயே தேய்த்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் செய்தார். தூரிகையை வைத்துவிட்டு இறங்கும்போது தலைமையாசிரியர் லாரி டிரைவரோடு தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் பத்தொன்பது பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

அவர் சுவரைப் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார், மப்ளரை இறுக்கிக்கொண்டு தள்ளிப் போய்ப் பார்த்தார்.

"ஓரத்துல பச்சையா இருக்குதுங்களே" என்றார்.

"கடல் ஓரத்துல பச்சையாத்தான் சார் இருக்கும்" என்றார் டீச்சர். "ஆழம் இல்லாத இடம். எங்க வீட்டு வாசல்ல நின்னு பாத்தா இப்படித்தான் தெரியும். அம்மாவுக்குப் போன் போட்டுத் தரட்டா, கேக்கீங்களா? நீங்க கடலை எத்தனை தடவை பாத்திருக்கீங்க?"

அவர் யோசித்தார். "ரெண்டு தடவை. அதுல ஒரு தடவை பஸ்ஸுல தூங்கிட்டேன்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டிரைவரும் சிரித்தார். "பச்சைதானுங்க சார். நான் ராமேஸ்வரம் லோடு ஓட்டிருக்கறேன். இப்பிடித்தான் இருக்கும்" என்றார் அவர், கேட்காமலே.

"சரி. எங்கீங்க இறக்கறது? பூட்டற ஆளுங்க நாலு பேரு நிக்கறாங்க, ஒரு ரூமைக் காட்டுங்க" என்று கேட்டார் டிரைவர்.

டீச்சரின் கை சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சாவியின் மேல் போனது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏணியில் யாரும் இல்லாவிட்டாலும்.

தலைமையாசிரியர் ஆய்வகத்தின் பக்கம் பார்த்தார். திறந்து கிடந்த எட்டு ஜன்னல்களையும் பார்த்தார். அவற்றின் வழியாக வருகிற காற்றை நினைத்தாரோ, அடுப்பில் வாட்டிய தட்டை நினைத்தாரோ தெரியாது. அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டார்.

"என் ரூமைத் திறந்து விடு சாமி. மேஜையை மட்டும் செவுத்தோட தள்ளிப் போடு."

அறுபத்து நான்கு சைக்கிளும் தலைமையாசிரியர் அறைக்குள் போயின. நான் வாசலில் நின்று சைக்கிள் சட்டங்களை எண்ணினேன். அறுபத்து மூன்றுதான் வந்தது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன், டிரைவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அறுபத்து நாலாவது அவருடைய கேபினுக்குப் பின்னால் கட்டியிருந்தது.

விழாவுக்கு வர வேண்டியவர் இன்னும் வரவில்லை. அதனால் சைக்கிள்களும் போகவில்லை. தலைமையாசிரியரின் மேஜை ஹேண்டில்பார்களுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. போன் அடித்தால் எடுப்பதற்கு ஒரு ஒல்லியான பையனை உள்ளே அனுப்புகிறார்கள். அவர் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஆடாத முக்காலி எது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். நேற்று நான் போனபோது டீச்சர் அவர் முன்னால் கல்வத்தை வைத்து, இரண்டாவது பூச்சுக்கான நீலக் கட்டிகளை அரைக்கக் கொடுத்திருந்தார். அரைத்துக்கொண்டே, தன் பக்கத்து ஜன்னல் ஒன்றையாவது சாத்தக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கூடாது என்றார்.